குறுக்கே கிடந்த தறிகள்

பெருமையடித்துக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன். பெருமை பாவம் என்று வேதத்தில் போட்டிருக்கிறது, தெரியும். ஞாயிறுதோறும் அதைக் கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வருகிறேன். ஆனாலும் ஒரு பெண்பிள்ளை, அளவுச் சங்கிலியைக் கையால் தொடாதவள், நேராக ஒரு கோடு போடத் தெரியாதவள், ஒரு துரையின் திட்டத்தையே திருப்பிப் போட்டாள் என்றால் அதை யாராவது ஒரு தடவை சொல்ல வேண்டாமா? மற்றவர்கள் சொல்வார்கள் என்று பல வருஷம் காத்திருந்தேன். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. ஆகையால் நானே சொல்லிவிடுகிறேன்.

அப்போது நாங்கள் பாளையங்கோட்டையில் குடியிருந்தோம். நான் மிஷன் ஆஸ்பத்திரி நர்சு. பிரசவம் பார்ப்பது என் வேலை. ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன் என்கிறவர்களுக்கு வீடு தேடிப் போய்ப் பார்ப்பேன். என் வீட்டுக்காரர் சர்வே ஆபீசில் படம் வரைகிறவர். ஒரு கோடு மயிரிழை கோணிவிட்டாலும் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. பெண்டாட்டி கோபித்துக்கொண்ட நாளில் மட்டும் நன்றாக இறங்கும்.

அந்த வருஷம் சென்னையிலிருந்து பழம்பொருள் ஆராய்ச்சிக்காக ஒரு வெள்ளைக்காரத் துரை வந்து முகாம் போட்டார். ஆற்றுக்கு இரண்டு பக்கமும் ஊர் பெருகிக்கொண்டிருந்தது. புதுச் சாலையும் சாக்கடையும் வரப்போகின்றன, அவை வந்துவிட்டால் மண்ணுக்கடியில் இருப்பதெல்லாம் நாசமாகிவிடும், அதற்குள் ஒரு திட்டம் வேண்டும் என்பது அவருடைய கவலை. திருநெல்வேலி, பாளையங்கோட்டை, மேலப்பாளையம் மூன்றையும் ஒரே படத்தில் வரைய வேண்டும். பழைய காலத்துச் சின்னங்கள் எங்கே இருக்கின்றன, முதலில் எங்கே தோண்டுவது, எதைத் தொடவே கூடாது, எது அவசரம், எது பொறுத்திருக்கலாம் என்று அதில் குறிக்க வேண்டும். ஐப்பசி மழைக்கு முன்னால் அதை மேலே அனுப்ப வேண்டும். படம் வரைய என் வீட்டுக்காரரை ஆபீசிலிருந்து கேட்டு வாங்கிக்கொண்டார்.

எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. தோண்டுவதற்கு முன்னால் யோசிக்கிற மனுஷரை நான் மதிப்பேன். வயிற்றைத் தொட்டுப் பார்க்காமல் கத்தியை எடுக்கிற டாக்டர்களைப் பார்த்துச் சலித்தவள் நான். எங்கள் வீட்டுக் கூடம் முழுக்க அந்தப் படம்தான் விரிந்து கிடந்தது. என் பிரசவப் பெட்டியை எடுக்கப் போனால் ஆற்றைத் தாண்டி, நெல்லையப்பர் கோயிலைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். கோயில்களுக்குச் சிவப்பு மை, இடிந்த கோட்டைச் சுவருக்குக் கறுப்பு மை. இரண்டு வாரத்தில் படம் பாதி நிறைந்துவிட்டது.

ஆனால் மேல்மண்ணில் தெரிகிறதை வரைவது பெரிய காரியமா? மண்ணுக்குள் கிடப்பதை அல்லவா வரைய வேண்டும். அதற்கு யாரோ துரைக்கு ஒரு யோசனை சொல்லி, மூன்று ஊரிலும் தண்டோரா போட வைத்தார்கள். கிணறு வெட்டும்போதோ அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டும்போதோ பழைய பானை, கல், காசு எது அகப்பட்டிருந்தாலும் வந்து சொல்ல வேண்டும், மறைத்தால் தண்டனை. இதைவிடப் புத்திகெட்ட காரியம் நான் கேள்விப்பட்டதில்லை. தண்டோரா போட்ட அன்றிலிருந்து ஊரே ஊமையாகிவிட்டது. அதுவரைக்கும் முறுக்கு வாங்குகிற இடத்தில்கூட, "எங்க கிணத்துல ஒரு பானை கெடந்துது" என்று தானாகச் சொன்னவர்கள், என் வீட்டுக்காரரைக் கண்டதும் எதிர்த்தெருவுக்குப் போய்விட்டார்கள்.

மேலப்பாளையத்தில் நிலைமை இன்னும் மோசம். அது நெசவாளர் ஊர். சாயபுமார் வீடுகளில் ஆண்கள் வெளியே போயிருந்தால் அந்நிய ஆணுக்குக் கதவு திறக்காது. ஆண்கள் இருந்தாலும் கூடத்தைத் தாண்டி விடமாட்டார்கள். என் வீட்டுக்காரர் சேவகனைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனார். கதவு நாலு விரல் அகலம் திறக்கும், "வாப்பா இல்ல" என்று ஒரு குரல் வரும், மூடிக்கொள்ளும். படத்தில் அந்த இடம் மட்டும் வெள்ளையாகவே கிடந்தது.

துரைக்குக் கோபம் வந்தது. அவர் கெட்டவர் இல்லை. வெயிலில் நின்று நின்று மிளகாய்ப் பழமாகச் சிவந்துபோனாலும் குடை பிடிக்கச் சொல்லாதவர். தமிழ் எழுத்துக்கூட்டி வாசிப்பார். ஆனால் அவருக்குப் பொறுமை குறைவு. ஒன்றும் தெரியாத இடமென்றால் நேராக ஒரு கோடு போட்டு, சம தூரத்தில் குழி வெட்டிப் பார்த்துவிட வேண்டும் என்றார். பாளையங்கால்வாயிலிருந்து தெற்கே சரள் மேடு வரைக்கும் கோடு. அது மூன்று தெருவைக் குறுக்கே வெட்டிக்கொண்டு பதினொரு வீட்டின் நடுவே போனது. அந்த வீடுகளைச் சர்க்கார் எடுத்துக்கொள்ளும், வேறு இடம் கொடுக்கும் என்றார்கள். சங்கிலிக்காரர்கள் போய் அந்த வீட்டுச் சுவர்களில் சுண்ணாம்பால் குறி வைத்துவிட்டு வந்தார்கள்.

குறி வைத்த நாலாம் நாள் மேலப்பாளையத்தில் எனக்கு ஒரு பிரசவம். மத்தியானம் வண்டியை விட்டு இறங்கியதும் என்னவோ குறைகிற மாதிரி இருந்தது. பிறகுதான் உறைத்தது, தறிச் சத்தம் இல்லை. எந்நேரமும் நாடா ஓடுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்கிறவர் பேசுவது கேட்காத தெரு அது. தறியில் ஒரு தடவை பாவு நூல் ஏற்றிவிட்டால் நெய்து முடிக்கிற வரைக்கும் தறியை அசைக்க முடியாது. வீடு இருக்குமா இடிபடுமா என்று தெரியாமல் எவன் பாவு ஏற்றுவான்? கோடு போகிற வீடுகள் பதினொன்றுதான், ஆனால் அடுத்த கோடு யார் வீட்டில் விழும் என்று யாருக்குத் தெரியும். ஆண்கள் வாசலில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள்.

உள்ளே வலி பலமாக இருந்தது. பெட்டியோடு கூடத்தில் ஓடினேன். குறுக்கே கிடந்த தறியில் முழங்கால் மடேரென்று இடித்தது. வழக்கமாகத் தறி சுவரோரமாக நீளவாக்கில் இருக்கும். உள்ளறைக்கு நேராகப் போய்விடலாம். சில வீடுகளில் மட்டும் கூடத்தை அடைத்துக் குறுக்கே கிடக்கும். எத்தனையோ வருஷமாக அந்த வீடுகளை மனசுக்குள் திட்டிக்கொண்டே போய் வந்திருக்கிறேன். அன்றைக்கு வாய்விட்டே திட்டிவிட்டேன்.

பெண் குழந்தை, சுகப்பிரசவம். எல்லாம் முடிந்து கை கழுவும்போது பிள்ளை பெற்றவளின் மதினி முழங்காலுக்கு எண்ணெய் கொண்டுவந்தாள். புருஷனின் அக்காள். ஆஜானுபாகுவான பெண்பிள்ளை. தெருவில் எல்லாரும் அவளை மதினி என்றுதான் கூப்பிடுவார்கள், உறவில் அத்தை முறை ஆகிறவர்கள்கூட.

"தறியை இப்படிக் குறுக்க போடணும்னு யார் சொன்னா உங்களுக்கு? சுவரோரமா இடம் கெடக்குல்லா?" என்றேன்.

"அங்கன போட முடியாது நர்சம்மா."

"ஏன்?"

அவள் உள்ளறைப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "மொதல்ல அங்கனதான் குழி தோண்டுனாவ. தோண்டுனா ஒரு பெரிய பானை. வாய் இம்புட்டுப் பெருசு. உள்ள எலும்பு கெடக்கு. யாரு பெத்த புள்ளையோ, எந்தக் காலத்துல மவுத்தானாவளோ. கபுரு மேல காலத் தொங்கப் போட்டுக்கிட்டு மிதிக்க மனசு வருமா? ஓதிட்டு மூடிட்டாவ. தறியத் திருப்பிப் போட்டாவ."

தறியென்றால் அது குழித்தறி. தரையில் தொடையளவு குழி தோண்டி, நெய்கிறவர் அதில் காலை விட்டு உட்கார்ந்து மிதிகட்டையை மிதிக்க வேண்டும். வீட்டுக்கு வீடு ஒரு குழி. துரை வெட்ட நினைத்த குழிகளை அந்த ஊர்க்காரர்கள் எப்போதோ வெட்டி முடித்திருந்தார்கள், அதுவும் வீடு தவறாமல்.

"ஒங்க வீட்டுல மட்டுமா?" என்று கேட்டேன்.

"தறி குறுக்க கெடக்க வீட்டுல எல்லாம் அதான்."

நான் எண்ணெயைத் தேய்ப்பதை நிறுத்திவிட்டேன். எந்தெந்த வீட்டில் தறி குறுக்கே கிடக்கிறது என்று இந்தப் பூமியில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யார்? அத்தனை வீட்டிலும் என் முழங்கால் இடித்திருக்கிறது.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் என்ன ஆகும்? அந்தக் காலத்தில் பிணம் வைத்துப் புதைத்த தாழி இருக்கிற வீடு இன்னதென்று துரைக்குத் தெரிந்தால் பதினொரு வீட்டோடு நிற்குமா? சொல்லாவிட்டாலும் அந்தக் கோடு போகத்தான் போகிறது. என் வீட்டுக்காரர் மேலப்பாளையத்து வெள்ளைக் காகிதத்தில் அந்தக் கோட்டை மை போட்டு வரையத் தயாராகிக்கொண்டிருந்தார். பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சலாக வந்தது. மூன்றாம் நாள் பிள்ளையைப் பார்க்கிற சாக்கில் மதினியிடம் போனேன்.

அந்தத் தெருக்களுக்குப் பின்னால் ஒரு முடுக்கு உண்டு. ஆண்கள் அதில் நடமாட மாட்டார்கள்; பெண்கள் அதன் வழியாகத்தான் வீட்டுக்கு வீடு போவார்கள். அரைமணி நேரத்தில் மதினி வீட்டுப் பின்கட்டில் இருபது பேர் கூடிவிட்டார்கள். நான் நினைத்ததைச் சொன்னேன். "எந்த வீட்டுல பானை வந்துது, எந்த வீட்டுல வரல்லைன்னு எல்லாத்தையும் எங்கிட்டச் சொல்லுங்க. அது எந்தத் திக்குல பெருகிப் போவுதுன்னு பாக்கேன். ஊருக்கு வெளிய ஒரு இடம் காட்டிட்டா துரை வீட்டுக்குள்ள வர வேண்டாம்லா."

 மதினிதான் கேட்டாள். "துரை வந்து எந்த வீடுன்னு கேட்டா?"

"சொல்ல மாட்டேன்."

"கையடிச்சுக் குடு."

அடித்துக் கொடுத்தேன். அவள் என் கையை விடவில்லை. "எங்க வீட்டுல ஒரு கல்லப் பேத்தாலும் நீ இந்தத் தெருவுக்கு வரப்படாது நர்சம்மா. எவளுக்கு வலி எடுத்தாலும் சரி. எங்களுக்கும் கஷ்டந்தான். ஆனா வரப்படாது."

சரி என்றேன்.  ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று நான் எத்தனை பேருக்குப் புத்தி சொல்லியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சாப்பிட்டதும் என் வீட்டுக்காரரைப் படத்தின் முன்னால் உட்கார வைத்தேன். தெருக்களையும் வீடுகளையும் வெளியிலிருந்து அளந்து அவர் முன்பே வரைந்திருந்தார். அடுக்களையிலிருந்து ஒரு கை புளியங்கொட்டை எடுத்துவந்து, தாழி இருக்கிற வீட்டில் ஒவ்வொன்றாக வைத்தேன். கால்வாய்ப் பக்கத்துத் தெருவில் ஒன்றுகூட இல்லை. நடுத்தெருவில் அங்கொன்றும் இங்கொன்றும். தெற்குத் தெருவில் வீட்டுக்கு வீடு. அதற்கும் தெற்கே வீடு கிடையாது, உடைமரமும் சரளும் கிடக்கிற புறம்போக்கு மேடு. கொட்டைகள் போகிற போக்கைப் பார்த்தால் நேராக அந்த மேட்டுக்குத்தான் போயின. இடுகாட்டின் நடு அங்கே இருக்கிறது, தெருவில் இருப்பது அதன் ஓரம்தான் என்று குழந்தைக்குக்கூடத் தெரியும்.

துரையின் கோடோ மேடு தொடங்குகிற இடத்தில் நின்றுவிடுகிறது. வீடுகளை எல்லாம் இடித்துவிட்டு, சரக்கு இருக்கிற இடத்துக்கு நாலடி முன்னால் நின்றுவிடுகிற கோடு.

என் வீட்டுக்காரர் கொட்டைகளை விரலால் தொட்டு எண்ணினார். பிறகு, "ஏளா, நான் அளக்காதத படத்துல போட மாட்டேன்" என்றார்.

"நீங்க அளக்கப் போனா கதவு தொறப்பாவளா?"

"அதுக்குன்னு புளியங்கொட்டைய மேலே அனுப்ப முடியுமா? சங்கிலி வச்சு அளந்தாத்தான் அது அளவு."

"எங்காலு அளந்துருக்கு. பாக்கீயளா?" என்று முழங்காலைக் காட்டினேன். இரண்டு பேருக்கும் வார்த்தை தடித்துவிட்டது. பக்கத்து வீட்டு உபதேசியார் ஜெபம் பண்ண வரவா என்று கேட்கிற அளவுக்குப் போயிற்று. கடைசியில் என் வீட்டுக்காரர் சொன்னார்: "எந்த வீடுங்கறது படத்துல வராது. அது நீ குடுத்த வாக்கு, எனக்கும் சேத்துத்தான். ஆனா மேட்ட நான் அளக்கலாம். நாளைக்கு நீ வந்து துரைகிட்டச் சொல்லு. நான் சொன்னா எப்படித் தெரியும்னு கேப்பாவ, எனக்குப் பொய் வராது." அவருக்குப் பொய் வராது என்பது உண்மை. கல்யாணமான புதிதில் என் குழம்பைப் பற்றிக்கூட அவர் பொய் சொன்னதில்லை.

மறுநாள் காலை முகாமுக்குப் போனோம். நான் சொல்லச் சொல்ல அவர் துரைக்கு இங்கிலீஷில் சொன்னார். கடுமையாகச் சொன்னதை எல்லாம் மெதுவாக்கிச் சொன்னார். எனக்கு மிஷன் பள்ளிக்கூடத்து இங்கிலீஷ் உண்டு என்பதை மறந்துவிட்டார் போலும். நேர்கோடு சோம்பேறியின் வேலை என்று நான் சொன்னதை, நேர்கோட்டிலும் சில நன்மைகள் உண்டு என்று மாற்றினார். நானே திருத்திச் சொன்னேன். துரை என்னை நிமிர்ந்து பார்த்தார்.

குறுக்கே கிடக்கிற தறிகளைப் பற்றி அவர் கேட்ட விதம் எனக்குப் பிடித்திருந்தது. சிரிக்கவில்லை. எத்தனை, எந்தத் தெருவில் அதிகம், குழி எவ்வளவு ஆழம் என்று கேட்டார். எல்லாம் சொன்னேன். எந்தெந்த வீடு என்று கேட்டார்.

"அதைச் சொல்வதற்கில்லை, ஐயா."

"சர்க்கார் காரியம் இது."

"நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன்."

அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். கடைசியில் ஒரு தீர்ப்புச் சொன்னார். மேட்டில் நான் காட்டுகிற ஒரு இடத்தில் மூன்று நாள் தோண்டுவார். தாழி வந்தால் நேர்கோட்டை அழித்துவிடுவார். வராவிட்டால் சனிக்கிழமை காலை பதினொரு வீட்டிலும் கடப்பாரை இறங்கும். அதற்கு மேல் அவர் காத்திருக்க முடியாது, மழை வருகிறது.

தெற்குத் தெருவில் கொட்டை மிக நெருக்கமாக இருந்த இடத்துக்கு நேர் தெற்கே, மேட்டின் மேல் ஒரு உடைமரத்தைக் காட்டினேன். புதன்கிழமை வெட்டத் தொடங்கினார்கள். அன்றைக்கு ஒன்றும் இல்லை. வியாழக்கிழமையும் இல்லை. முழங்கால் ஆழத்தில் சுண்ணாம்பு இறுகிக் கல்லாகிப்போன சுக்கான் அடை ஒன்று கட்டாந்தரையாக விரிந்திருந்தது. மேஸ்திரி அதைக் கம்பியால் தட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்குக் கீழ கன்னித்தரை. மனுசன் கை பட்டதில்ல" என்று சொல்லி, குழியைப் பக்கவாட்டில் அகலமாக்கிக்கொண்டே போனான். துரையும் அதைத்தான் சரி என்றார். தெருக்கோடியில் நெசவாளர்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் கிட்டே வரவில்லை. எனக்கு அவர்கள் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியில் வண்டிக்குள் அழுதேன். 

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜும்ஆவுக்குப் பாங்கு சொன்னதும் ஆண்கள் எல்லாரும் பள்ளிவாசலுக்குப் போய்விட்டார்கள். கொஞ்ச நேரத்தில் முடுக்கு வாயிலிருந்து வெள்ளைத் துப்பட்டி போர்த்திய பெண்கள் ஒருவர் பின் ஒருவராக வெளியே வந்தார்கள். பட்டப்பகலில் அத்தனை பேர் மேட்டுக்கு ஏறி வந்ததைப் பார்த்துக் கூலியாட்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு விலகி நின்றார்கள். துரையும் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு பத்தடி தள்ளிப் போனார். முன்னால் வந்தவள் மதினிதான். அந்த உடம்பைத் துப்பட்டி மறைக்குமா? குழியோரம் வந்து எட்டிப் பார்த்தாள்.

"நர்சம்மா, இதுக்கா மூணு நாளு? சுக்கானத் தொடவே இல்லியே."

"அதுக்குக் கீழ கன்னித்தரைன்னு மேஸ்திரி சொல்லுதான்."

"கன்னித்தரையாம்லா." துப்பட்டிக்குள் சிரிப்பது கேட்டது. "எங்க வீட்டு ஆம்பிளையள் அத ஒடச்ச பெறவுதான பானை வந்துது. மேல சுக்கான் மூடிக்கிட்டு கெடக்கும். பைய தட்டிப் பாரு, சத்தம் மாறும். மாறுற எடத்துல ஒடைக்கச் சொல்லு. வேகமா ஒடச்சா பானை போயிரும். எங்க மச்சான் அப்படித்தான் ஒண்ண ஒடச்சாவ."

நான் மேஸ்திரியிடமிருந்து கம்பியை வாங்கினேன். குழிக்குள் இறங்கி அடையின் மேல் அடிக்கு அடி தட்டிக்கொண்டே போனேன். டங், டங் என்று கெட்டியாக வந்தது. வடக்கோரத்தில் ஒரு இடத்தில் பொத்தென்று கேட்டது. இன்னொரு தடவை தட்டினேன். அதே சத்தம். மேலே நின்ற பெண்கள் எல்லாருக்கும் கேட்டிருக்க வேண்டும், குழியோரத்துக்கு நெருங்கி வந்தார்கள். துரை மேல்கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு இறங்கினார்.

அடையை அவரே சிற்றுளியால் கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்த்தார். விரற்கடை கனத்தில் சிவந்த விளிம்பு ஒன்று வளைந்து தெரிந்தது. அப்புறம் அதன் முழு வட்டம். நான் கையை விரித்து வைத்துப் பார்த்தேன், இரண்டு கையும் எட்டவில்லை. பக்கத்தில் தட்டினால் இன்னொன்று, அதற்கப்பால் மூன்றாவது. அடுத்தடுத்து, சந்தையில் அடுக்கின மாதிரி, அந்த மேடு முழுக்கத் தாழிதான். என் வீட்டுக்காரர் சங்கிலியை எடுத்துக்கொண்டு இறங்கி வந்தவர் அளக்கவே மறந்து நின்றார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. வேதம், பெருமை, பாவம் எதுவும் அப்போது ஞாபகம் இல்லை. கம்பியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன் என்று பிற்பாடு சொன்னார்கள்.

தொழுகை முடிந்து வந்த ஆண்கள் தங்கள் வீட்டுப் பெண்கள் மேட்டின் மேல் நிற்பதைப் பார்த்துத் திகைத்துவிட்டார்கள். மதினியின் தம்பி கோபமாக என்னவோ கேட்க வாயெடுத்தார். அவள், "வீடு பொழச்சுப் போச்சு, போ" என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டு எல்லாரையும் கூட்டிக்கொண்டு இறங்கிப் போனாள். பெரியவர் ஒருவர் குழியோரம் நின்று, உள்ளே கிடக்கிறவர்களுக்காக ஓதினார். ஓதி முடிகிற வரைக்கும் துரை தலையில் தொப்பி வைக்காமல் நின்றார்.

திட்டம் திரும்ப எழுதப்பட்டது. தண்டோரா கிடையாது, மிரட்டல் கிடையாது. மூன்று ஊரிலும் மண்ணோடு வேலை செய்கிறவர்களை, கிணறு வெட்டுகிறவர், குழி வெட்டுகிறவர், சூளைக்காரர், நெய்கிறவர் எல்லாரையும் முதலில் விசாரிக்க வேண்டும். வீட்டுப் பெண்களைப் பெண்களை வைத்தே விசாரிக்க வேண்டும். குடியிருப்பைக் கடைசியாகக்கூடத் தொடக் கூடாது என்று துரை தன் கையாலேயே எழுதினார். மேட்டில் ஒருவரும் சரள் எடுக்கக் கூடாது என்று வேலிக் கல் நட்டார்கள்.

படம் முடிந்த நாளில் நானும் முகாமுக்குப் போயிருந்தேன். கோயில்கள் சிவப்பு, கோட்டை கறுப்பு, மேட்டுக்கு மஞ்சள் சாயம். மேலப்பாளையத்துத் தெருக்கள் அளவு பிசகாமல் இருந்தன, உள்ளே ஒரு குறியும் இல்லை. துரை அந்த வெள்ளை இடத்தில் விரலை வைத்தார்.

"இங்கே இருப்பது உமக்குத் தெரியும் அல்லவா?"

என் வீட்டுக்காரர் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார். தெரிந்ததைப் படத்தில் போடாமல் விடுவது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

"தெரியும், ஐயா. அங்கே ஜனங்கள் குடியிருக்கிறார்கள்."

துரை அவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு பேனாவை மையில் தோய்த்துக் கையெழுத்துப் போட்டார்.

நாலு நாள் கழித்து மேலப்பாளையத்திலிருந்து அழைப்பு வந்தது, தெற்குத் தெருவில் ஒருத்திக்கு வலி. விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. தெரு முனையில் மாட்டைப் பிடித்து நிறுத்திய வண்டிக்காரர், "வழி இல்லம்மா" என்றார். எட்டிப் பார்த்தேன். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் தெருவை அடைத்துக்கொண்டு பாவு நீட்டியிருந்தார்கள், ஒன்றன்பின் ஒன்றாக, பச்சையும் சிவப்பும் நீலமுமாக. ஆண்கள் இரண்டு பக்கமும் நின்று கஞ்சி போட்டுக்கொண்டிருந்தார்கள். சுண்ணாம்புக் குறி வைத்த வீட்டு வாசல்களிலும் பாவு ஓடியது.

"சுத்திக்கிட்டுப் போனா நேரமாவுமே" என்றார் வண்டிக்காரர்.

"ஆகட்டும்" என்று பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். முடுக்கு வழியாக நடந்தேன். பின்கதவுகள் எல்லாம் திறந்திருந்தன.